எழுத்துக் கூட்ட வராத பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்க நடிகர் ஹென்றி விங்க்லரைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். சிறு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறிய ஒருவர் விடாமுயற்சியால் உலகப் புகழ் பெற்றார் என்று அது முடிந்திருந்தது. அவர் வாழ்க்கையில் பெற்றோரும் ஆசிரியர்களும் கட்டாயம் அறிய வேண்டிய பகுதி விடுபட்டுவிட்டதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி நியூயார்க்கில் குடியேறிய பெற்றோருக்கு 1945-இல் பிறந்தவர் விங்க்லர். மகனுக்குப் படிப்பு ஏறாததைச் சோம்பேறித்தனம் என்றே எண்ணிய அவர்கள், 'முட்டாள் நாய்' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லால் அவரை ஏசினார்கள். வெளியே போகக்கூடாது என்று வீட்டிலேயே இருத்தித் தண்டித்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்று, 1974-இல் தொடங்கிய 'ஹேப்பி டேஸ்' தொலைக்காட்சித் தொடரால் வீட்டுக்கு வீடு அறிமுகமான பிறகும், நடிகர்கள் வட்டமாக அமர்ந்து வசனத்தை வாசிக்கும்போது அவர் மட்டும் சொல்லுக்குச் சொல் தடுமாறினார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, மனைவியின் முதல் மணத்து மகனுக்குப் பள்ளியில் நடந்த சோதனையின் முடிவைக் கேட்டபோதுதான், அதில் சொல்லப்பட்ட அத்தனையும் தமக்கும் பொருந்துவதையும், எழுத்தைப் படிக்கவும் எழுதவும் திணறவைக்கும் அந்தக் கற்றல் குறைபாட்டுக்கு டிஸ்லெக்சியா என்று பெயர் இருப்பதையும் அவர் அறிந்தார். அப்போது அவருக்கு வந்தது நிம்மதியன்று, கோபம். அத்தனை ஏச்சும் தண்டனையும் வீணுக்குத்தானே என்ற கோபம் அது.

தமிழாசிரியையாக இருந்த என்னை இந்த இடம் உறங்கவிடவில்லை. என் வகுப்பில் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் 'கொடி' என்பதில் கொம்பைக் 'க'வுக்குப் பின்னால் போடுவான். கதை சொல்லச் சொன்னால் வகுப்பே வாய்பிளந்து கேட்கும். அதையே எழுதச் சொன்னால் வேர்த்துப்போவான். 'வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கிறது' என்று நான் அவனைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். கவனக்குறைவு என்று நினைத்து ஒரே சொல்லை நூறு முறை எழுதவைத்தேன். அவன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

விங்க்லர் 2003 முதல் எழுத்தாளர் லின் ஆலிவருடன் சேர்ந்து, தம்மைப் போன்ற ஒரு சிறுவனை நாயகனாக்கிக் குழந்தைகளுக்குக் கதைகள் எழுதினார். 2018-இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருதும் பெற்றார். மகிழ்ச்சிதான். ஆனால் திறமையும் வாய்ப்பும் ஒருங்கே வாய்த்த ஒருவரைக் காட்டி, 'அவரைப் போல நீயும் முயன்றால் வரும்' என்று பிள்ளைகளிடம் சொன்னால், அது பழைய ஏச்சின் இன்னொரு வடிவமாகவே முடியும்.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டுள்ளது. தமிழகப் பொதுத்தேர்வில் இப்பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. இத்தகைய கட்டுரைகளை இனி வெளியிடும்போது, அருகிலேயே ஒரு சிறு கட்டம் போட்டு, இதற்கான சோதனையை எங்கே செய்துகொள்ளலாம், சான்றிதழை யார் வழங்குகிறார்கள், தேர்வுக்கு எத்தனை மாதங்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விவரங்களை மாவட்டவாரியாக அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தஞ்சாவூர்.