ஒட்டுதுன்னு கம்ப்யூட்டர் சொன்னா மாத்திரைய நிறுத்திடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாசம் எங்க மாமியாருக்கு வாட்ஸ்அப்ல ஒரு செய்தி வந்துச்சு, மஞ்சள்ல இருக்கற குர்குமின் இன்சுலின் ரிசெப்டர்ல (செல் மேல இருக்கற, இன்சுலின் வந்து ஒட்டற புரோட்டீன்) போய் கெட்டியா ஒட்டிக்கிதுன்னு கம்ப்யூட்டரே நிரூபிச்சிடுச்சாம், கூடவே கலர் கலரா ஒரு புரோட்டீன் படம் வேற. அஞ்சு நாள் சுகர் மாத்திரைய போடாம மஞ்சள் தண்ணிய குடிச்சிருக்காங்க, பாலிகிளினிக்ல டெஸ்ட் எடுத்தப்பறம்தான் எங்களுக்கே தெரியும். திட்டு வாங்கினது என்னவோ நான்தான்.

ஒரு மூலக்கூறு புரோட்டீன்ல எப்படி ஒட்டும்னு கம்ப்யூட்டர்ல கணிக்கறதுக்குப் பேரு டாக்கிங், பையன் பாலிடெக்னிக்ல அந்த வேலையத்தான் புராஜெக்டா செய்றான். அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு மேசையிலயே லேப்டாப்ப தொறந்து பாட்டிக்கு காமிச்சான். ஆட்டோடாக் வினான்னு இலவச சாப்ட்வேர், ரிசெப்டர் வடிவத்த போட்டு எங்க தேடணும்னு ஒரு பெட்டி வரைஞ்சு விட்டா, மூலக்கூற திருப்பி மடக்கி உக்கார வச்சுப் பாத்து மைனஸ் 7, மைனஸ் 9னு கிலோகலோரி கணக்குல மார்க் போடுது, கீழ போகப் போக கெட்டியா ஒட்டுதுன்னு அர்த்தம். ஆனா 1.4 மாறினாலே ஒட்டுற பலம் சுமார் பத்து மடங்கு மாறிடுமாம், சாப்ட்வேரோ 2 கிலோகலோரி தப்பா சொல்றது சகஜமாம்! நெஜத்துல நெளிஞ்சுக்கிட்டே இருக்கற ரிசெப்டர இதுல பெரும்பாலும் கல்லு மாதிரி அசையாமதான் வச்சிருக்காங்க.

அந்த ரிசெப்டர் வடிவம் ஒழுங்கா இருக்கான்னு சரிபாக்கறது, புரோட்டீன் சங்கிலி எந்தெந்தக் கோணத்துல மடங்க முடியும்னு காட்டற ராமச்சந்திரன் வரைபடத்துல, 1963ல சென்னைப் பல்கலைக்கழகத்துல ஜி.என். ராமச்சந்திரனும் கூட இருந்தவங்களும் போட்டது. ராமச்சந்திரன்னதும் எம்ஜிஆரான்னு கேட்டாங்க மாமியார்.

எனக்கு உறைச்சது இன்ஹேலர் விஷயம்தான். எங்க வீட்டுக்காரரோட நீலக்கலர் இன்ஹேலர்ல இருக்கற சால்புட்டமால் பீட்டா-2 ரிசெப்டர்ல உக்காந்தா மூச்சுக்குழாய் விரியுது, படபடப்புக்குக் குடுக்கற புரொப்ரனலாலும் அதே பள்ளத்துலதான் உக்காருது, ஆனா அது ரிசெப்டர அடைச்சிடும், ஆஸ்துமாக்காரங்களுக்கு அத குடுக்க மாட்டாங்க. மார்க்க மட்டும் பாத்து எது தொறக்கும் எது அடைக்கும்னு சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு சாவியும் நம்ம கேட் பூட்டுக்குள்ள நுழையும் பாட்டி, ஆனா மாட்டிக்கிச்சுன்னா நம்ம சாவியும் போகாதுன்னான். மாமியார் ஒருதடவ அப்படி செஞ்சு பூட்டுக்காரர கூப்பிட வேண்டியதாச்சு, அதனால டக்குனு புரிஞ்சுது.

டாக்கிங் வீண்னு நான் சொல்ல வரல, லட்சக்கணக்கான மூலக்கூறுல எத லேபுக்கு அனுப்பலாம்னு சலிச்சு எடுக்க அது நல்ல சல்லடை. குர்குமின் கதை வேற, அத சாப்பிட்டா குடல்ல இருந்து ரத்தத்துக்குப் போறதே ரொம்பக் கம்மி, ரிசெப்டர் வரைக்கும் போனாத்தானே ஒட்றதுக்கு.

மருந்து செய்தி போடறப்ப கம்ப்யூட்டர்ல மட்டும் பாத்ததா, எலிக்குக் குடுத்ததா, மனுஷங்களுக்குக் குடுத்துப் பாத்ததான்னு மொத வரியிலயே போட்டுடுங்களேன். மாமியார் என் பேச்ச கேக்க மாட்டாங்க, பேப்பர்ல வந்தா வெட்டி ஃபிரிட்ஜ்ல ஒட்டிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தெம்பனிஸ்