ஆஸ்டினிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் கூட வைத்திருந்த பத்திர நகலும் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டன. தை பிறந்தபிறகு பதில் எழுதுகிறேன், திட்டாதீர்கள். போனில் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை, அம்மா நடுவில் வாங்கிச் சொல்லும்போது பாதி மாறிப்போகிறது. பத்திர விஷயமாவது எழுத்தில் இருக்கட்டும். அது கடைசியில்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மாப்பிள்ளைக்கு இப்போது ஆபீஸ் நெருக்கடி இல்லை, பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவது அவர்தான். ஒரு வீட்டுக்கு இரண்டு கார் எதற்கென்று ஒன்றைக் கொடுத்துவிட்டோம்.

"காய்கறியெல்லாம் அங்கே எப்படி வாங்குகிறாள்" என்று கேட்டிருந்தீர்கள். கேட்டால் சிரிப்பீர்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி கடைகளின் தள்ளுபடி நோட்டீஸைப் பரப்பி வைத்துப் படிப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. ஹோல் ஃபுட்ஸ், ஸ்ப்ரவுட்ஸ் என்ற இரண்டு கடைகளிலும் வாரத் தள்ளுபடி புதன்கிழமை மாறும், அடுத்த செவ்வாய் வரை நிற்கும். இதில் எனக்குக் குரு கீழ் வீட்டம்மாள். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், பூனைக்கு ஸ்வெட்டர் போடுவாரே, அவர்தான். அண்ணாச்சி கடைப் பற்று நோட்டு மாதிரி நீளமாக ஒன்று வைத்திருக்கிறார், பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டு. பொருளுக்கு ஒரு பக்கம். கடை, தேதி, அவுன்ஸுக்கு என்ன விலை, அவ்வளவுதான். பாக்கெட் விலையை எழுதவே மாட்டார், அது ஏமாற்று என்பார்.

நிஜம்தான். போன வாரம் 16 அவுன்ஸ் ஆர்கானிக் ஓட்ஸ் தள்ளுபடியில் 3.49 டாலர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்திலேயே தள்ளுபடி இல்லாத 32 அவுன்ஸ் பை 5.99. அலமாரிச் சீட்டின் மூலையில் பொடி எழுத்தில் அவுன்ஸ் விலை இருக்கும், அதைப் பார்த்தால் பெரிய பைதான் மலிவு. "இரண்டு எடுத்தால் 5 டாலர்" என்று எழுதியிருந்தால் ஒன்றே எடுக்கலாம், பெரும்பாலும் பாதி விலைக்கே கொடுப்பார்கள். இதை யாரும் சொல்லித்தருவதில்லை.

ஹோல் ஃபுட்ஸ் இந்த ஊரிலேயே 1980-ல் ஒற்றைக் கடையாக ஆரம்பித்தது. 2017-ல் அமேசான் வாங்கிவிட்டது. அவர்களுடைய பிரைம் சந்தா இருந்தால் தள்ளுபடி விலையிலிருந்து இன்னும் 10 சதவீதம் குறையும். நாங்கள் சந்தாவை நிறுத்திவிட்டோம், அதில் படம் பார்க்க யாருக்கு நேரம். கீழ் வீட்டம்மாள் கூட வந்து பில் போடும்போது தன் போனை நீட்டுவார்.

"நேச்சுரல்" என்று பச்சை எழுத்தில் போட்டிருப்பதை நான் தொடுவதே இல்லை. கறியில் அந்த வார்த்தை இருந்தால் செயற்கையாக எதுவும் சேர்க்கவில்லை, அதிகம் பதப்படுத்தவில்லை என்று மட்டும் அர்த்தம். கோழி எப்படி வளர்ந்தது, என்ன தின்றது என்பதற்கு அது பதில் சொல்லாது. வட்ட முத்திரை போட்ட ஆர்கானிக் வேறு. அதற்கு நிலத்தில் 3 வருஷம் தடைசெய்த மருந்தோ உரமோ விழுந்திருக்கக் கூடாது, ஆள் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பழத்தில் ஒட்டிய சின்னச் சீட்டிலும் அடையாளம் உண்டு. சாதா வாழைப்பழத்துக்கு 4011, ஆர்கானிக் என்றால் முன்னால் ஒரு 9 சேர்ந்து 94011. பாப்பாவே இப்போது படித்துச் சொல்கிறாள்.

எல்லாவற்றையும் ஆர்கானிக்கில் வாங்குவதில்லை. வெங்காயம், அன்னாசி, அவகாடோ சாதாவே போதும், அவற்றில் மருந்து எச்சம் குறைவு. ஸ்ட்ராபெரியும் கீரையும் மட்டும் ஆர்கானிக். தோல் கிடையாது, அப்படியே வாயில் போகிறது. அந்த வாரம் எங்கேயும் விலை இறங்கவில்லை என்றால் பாப்பாவுக்கு வாழைப்பழம். இங்கே டிரேடர் ஜோஸ் கடையில் எண்ணி விற்பார்கள், ஒரு பழம் 23 சென்ட். அதையும் ரசித்துச் சாப்பிடுகிறாள்.

இங்குள்ள நம் ஆட்கள் "நம்ம ஊரில் எல்லாமே ஆர்கானிக்" என்று பெருமையடிக்கும்போது நான் வாயைத் திறப்பதில்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் கத்திரிக்கு நீங்கள் எத்தனை தடவை மருந்து அடித்தீர்கள் என்று எனக்குத் தெரியாதா? 2015-ல் கேரளாவில் நம் காய்கறியில் மருந்து இருக்கிறதென்று சத்தம் போட்டபோது வீட்டில் இரண்டு நாள் யாரும் பேசவில்லை. ஆனால் கிணற்றடியில் வீட்டுக்கென்று போட்ட பாத்தி வேறு. அதில் தெளிப்பானைக் கொண்டுவந்தால் அப்பத்தா கையை ஒடித்துவிடும்.

ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் படித்துக் காட்டவேண்டாம். போன மாதம் அலமாரியில் முருங்கை இலைப் பொடி, ஆர்கானிக், தள்ளுபடி என்று போட்டிருந்தது. உள்ளங்கை அகலப் பை. திருப்பிப் பார்த்தால் இந்தியாவில் விளைந்தது என்று இருக்கிறது. சீல் வைத்த பையை மூக்கில் வைத்து மோந்துகொண்டு நின்றேன். ஒரு வாசனையும் வரவில்லை. கடைக்காரப் பையன் வந்து ஏதாவது உதவி வேண்டுமா என்றான். அன்றைக்கு வேறெதுவும் வாங்காமல் வந்துவிட்டேன்.

சரி, பத்திரம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு தரும் 1989 சட்டப்படி எனக்கும் பங்கு இருப்பதால்தான் பெரியப்பா என் கையெழுத்தையும் கேட்கிறார், அது நியாயம். தம்பி பெயருக்குப் பவர் கொடுக்க எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் நகலில் "விற்கவும் அடமானம் வைக்கவும்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, பாகப்பிரிவினைக்கு மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள். தம்பியை நம்பாமல் இல்லை. இப்போதைக்கு என் பங்கு என் பெயரிலேயே இருக்கட்டும்.

தம்பி ஏற்றுமதிக்கென்று முருங்கைக்கு ஆர்கானிக் சான்றிதழ் வாங்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லதுதான், கோயம்புத்தூரில் இருக்கும் அங்ககச் சான்றளிப்புத் துறையில் முதலில் விசாரிக்கட்டும். முருங்கை பல வருஷப் பயிர், மாறுவதற்கே 3 வருஷம் ஆகும். அதைவிட முக்கியம், பக்கத்து வயலில் அடிக்கும் மருந்து காற்றில் வந்து விழக்கூடாது, நடுவில் இடம் விடவேண்டும். பெரியப்பா மருந்தை விடமாட்டார். அதனால் வாய்க்கால்தான் எல்லையாக இருக்கவேண்டும். கிணற்றடியும் முருங்கையும் நம் பக்கம் வரட்டும், ரோட்டோர நிலத்தை அவர் கேட்டால் கொடுத்துவிடுங்கள். விலை கூட என்று தம்பி முறைப்பான், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

திருத்திய நகல் வந்ததும் ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் முத்திரை வாங்கி அனுப்புகிறேன். அங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், தம்பி ஆறப்போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரைக்கு வருவதாகச் சொன்னது நடக்காது போலிருக்கிறது, டிக்கெட் விலை எக்கச்சக்கம். அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எவ்வளவு வைக்கவேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். போன தடவை அவர்கள் செய்தது எவ்வளவு என்றும் நோட்டில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அன்பு மகள்