முதுகைப் பார்த்துச் சொல்ல ஒருவன்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். பேரனுக்குப் பரீட்சை, வீட்டில் டி.வி. கிடையாது. அதனால் எனக்கும் சாயங்காலம் முழுக்கப் படிப்புதான்.

இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் குதித்த அமெரிக்க வீரர்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? "மாதம் 50 டாலர் அதிகம் கிடைக்கிறது என்றா உயிரைப் பணயம் வைத்தார்கள்?" என்று கேட்டிருந்தாய். பணத்துக்காகச் சேர்ந்தவர்கள் உண்டு. சாதாரணச் சிப்பாய்க்கு அதனால் சம்பளம் இரட்டிப்பானது. ஆனால் பாதியில் ஓடிவிடாமல் அவர்களை நிறுத்தியது பணம் இல்லை, மாப்ளே.

1942-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டொக்கோவா என்ற இடத்தில் 506-வது பாராசூட் ரெஜிமென்ட்டைத் தொடங்கினார்கள். முகாமுக்குப் பக்கத்தில் கர்ராஹி மலை. மூன்று மைல் ஏற்றம், மூன்று மைல் இறக்கம், ஓட்டமாகவே போய்வர வேண்டும். பிற்பாடு விமானத்திலிருந்து குதிக்கும்போது அவர்கள் கத்தியது அந்த மலையின் பெயரைத்தான். திட்டிக்கொண்டே ஏறிய மலை குலசாமி பெயர் மாதிரி வாயில் வந்துவிட்டது!

அந்த டிசம்பரில் ரெஜிமென்ட்டின் இரண்டாவது பட்டாலியன் அட்லாண்டாவுக்கு நடந்தே போனது. ஜப்பானியப் படை மலேயாவில் நடந்த வேகத்தைப் பத்திரிகையில் படித்த ரெஜிமென்ட் தளபதி கர்னல் சிங்க், தன் ஆட்கள் அதை மிஞ்ச வேண்டும் என்று கிளப்பிவிட்டார். 118 மைல், 75 மணி நேரம், மழை, சேறு, உறைபனி. அதைப் படிக்கும்போது நம் என்.சி.சி. கேம்ப்தான் ஞாபகம் வந்தது. குதிகால் கொப்புளம் உடைந்து நான் உட்கார்ந்துவிட்டபோது, ஒரு வார்த்தை பேசாமல் என் ரைஃபிளையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாயே.

அப்புறம் ஃபோர்ட் பென்னிங், பாராசூட் பயிற்சி கொடுத்த ராணுவ முகாம். தங்கள் கையால் மடித்த பாராசூட்டோடு ஐந்து முறை குதித்தால்தான் வெள்ளிச் சிறகு பேட்ஜ். எனக்கு மிகவும் பிடித்தது குதிப்பதற்கு முன் நடக்கும் சோதனை. தன் முதுகில் கட்டியிருப்பது சரியாக இருக்கிறதா என்று எவனாலும் பார்த்துக்கொள்ள முடியாது. பின்னால் நிற்பவன்தான் பார்க்க வேண்டும். கடைசி ஆள் முதலில் தன் எண்ணைச் சொல்லி "ஓகே" என்று முன்னால் நிற்பவனைத் தட்டுவான். அவன் அடுத்தவனை. அப்படியே கதவுவரை வரும். மாதக்கணக்கில் மலையில் ஏறி இறங்கிச் சேர்ந்த நம்பிக்கை அந்த ஒரு தட்டில் இருந்திருக்கிறது.

ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸின் நார்மண்டியில் குதிக்க 1944 ஜூன் 4 இரவு கிளம்ப வேண்டியவர்கள், வானிலை கெட்டதால் இன்னும் ஒரு நாள் காத்திருந்தார்கள். அந்த ஒரு நாளை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மறுநாள் இரவு, சுமை தாங்காமல் ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டுத்தான் விமானம் ஏறினார்கள். நார்மண்டியில் மேகமும் பீரங்கிச் சூடும் சேர்ந்து விமானங்களைக் கலைத்துவிட, திசைக்கு ஒருவராக விழுந்தார்கள். கையில் உலோகத்தில் செய்த ஒரு சின்ன 'கிளிக்' பொம்மை. இருட்டில் ஒரு முறை அழுத்தினால், நம்ம ஆளாக இருந்தால் இரண்டு முறை பதில் வரும்.

சரி, கண்ணுக்குச் சொட்டு மருந்தை விடாமல் போடு. தை பிறந்ததும் நானே ஊருக்கு வருகிறேன். கேம்ப்பில் எடுத்த அந்த குரூப் போட்டோ உன் பெட்டியில்தான் இருக்கும், தேடி எடுத்து வை.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி