கிளிக்குப் பதிலாக ஒரு ஜன்னல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், பிள்ளைகளுக்கு ஓவியம் பொழுதுபோக்குதான், வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதும், விதிகளைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். 26 வருடம் அரசுப் பள்ளிகளில் ஓவியம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அந்த வரி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

சமநிலை, விகிதம், முரண் என்று ஓவிய விதிகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு நான் ஒருநாளும் மனப்பாடம் செய்யச் சொன்னதில்லை. உனக்குப் பிடித்த ஒருவர் இருக்கிற அறையை வரை, ஆளை வரையாதே, அறையைப் பார்த்தே அவர் யாரென்று நான் கண்டுபிடிக்க வேண்டும் என்பேன். அவ்வளவுதான் பாடம். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எங்க வீடே ஒரே ரூம்தான் சார்" என்றாள். சரி, பாட்டிக்கு நீயே ஓர் அறை கட்டிக் கொடு என்றேன். முதலில் கட்டில், டிரங்குப் பெட்டி, சொம்பு எல்லாம் கடையில் அடுக்கின மாதிரி ஒரே அளவில் வரிசையாக நின்றன. ஜன்னல் எந்தப் பக்கம், அங்கே இப்போது எத்தனை மணி என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். "மேற்கால சார், சாயங்காலம்." அப்புறம் பாதிப் படத்தை அழித்துவிட்டு, சொம்பின் நிழலைக் கட்டில் கால் வரைக்கும் நீளமாக இழுத்தாள், பெட்டியை முன்னால் பெரிதாகக் கொண்டுவந்தாள், சுவர் முழுக்க மங்கின மஞ்சள், கட்டில் மேல் மடித்து வைத்த சேலை மட்டும் அரக்குச் சிவப்பு. பார்க்கிறவர் கண் நேரே அந்தச் சேலையில் போய் நிற்கும். அந்தப் பிள்ளை எதற்கும் பயந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1888-ல் டச்சு ஓவியர் வான் கோ பிரான்சின் ஆர்ல் ஊரில் தன் படுக்கையறையை வரைந்தபோது, நிழல்களை எடுத்துவிட்டு நிறத்தாலேயே ஓய்வை உணர்த்தப் பார்ப்பதாகத் தம்பிக்கு எழுதினார். உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் படத்தை எட்டாம் வகுப்பில் காட்டினால், "ஏன் சார் நாற்காலிக்கு நிழலே இல்ல?" என்று ஒரு பையனாவது கேட்பான். வண்ணம் தீட்டும் புத்தகத்திலிருந்து அந்தக் கேள்வி வராது ஐயா.

தேர்வு நெருங்கினால் என் பீரியடைக் கணக்குக்குக் கேட்பார்கள். கொடுத்துவிட்டு ஆண்டுவிழா மேடைக்குத் தெர்மாகோல் வெட்டப் போவேன். அந்தப் பெண்ணின் படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினேன், இயற்கைக் காட்சி இல்லை என்று ஒதுக்கிவிட்டு, இரண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் குடிசை வரைந்த படத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். 2012-ல் அரசு ஓவியத்துக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோதும் வாரத்துக்கு மூன்று அரைநாள்தான் கிடைத்தது. நான் விட்டு வந்த இடத்துக்கு இன்றுவரை யாரும் வரவில்லை. இதையெல்லாம் முன்பே இரண்டு முறை உங்களுக்கு எழுதினேன், பிரசுரமாகவில்லை, இடம் இருந்திருக்காது என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது கேட்பது ஒன்றுதான். சிறுவர் பக்கத்தில் வாராவாரம் வண்ணம் தீட்டப் போடுகிற கிளிக்குப் பதிலாக, மாதத்தில் ஒரு வாரமாவது வெறும் கட்டம் ஒன்று போடுங்கள். ஓரத்தில் ஒரு ஜன்னல், கீழே "இந்த அறையில் யார் இருக்கிறார்?" என்று ஒரு வரி. கிளிக்கு ஒதுக்குகிற இடமே போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
விருதுநகர் மாவட்டம்