பாஸ்புக்கில் ஏறிய ஆர்வம்

காரைக்குடி வட்டாரத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

நான் வாத்தியார் இல்லை. அடகுக்கடையில் நாற்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்ந்தவன். உங்கள் வேலையில் கருத்துச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் வங்கியில் பாஸ்புக் பதிந்து வந்து திண்ணையில் வைத்தேன். ஏழாவது படிக்கும் பேத்தி அதை எடுத்து வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. “ஐயா, இன்ட்ரஸ்ட்னு போட்டு 412 ரூபா வரவு வச்சிருக்காக. உங்க ஆர்வத்துக்கு யாரு காசு குடுத்தா?”

சிரித்துவிட்டேன். அவளுடைய மீனிங் நோட்டை வாங்கிப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பக்கம்; இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். ஒரு சொல்லுக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு ஒரே அர்த்தம். ‘இன்ட்ரஸ்ட் – ஆர்வம்’. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக்.

தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த ஊரில் இது நடக்கிறது என்று பாருங்கள். வட்டிப் பணத்தில் எழும்பிய ஊர் இது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10ஆம் தேதி சென்னையிலும் ரங்கூனிலும் கதவு திறந்த அதே நாளில் காரைக்குடியிலும் திறந்தது என்றால், அன்றைக்கு இந்த ஊர் எங்கே இருந்தது என்று விளங்கும். இந்த ஊர்ப் பிள்ளைக்கு, அதுவும் கணக்குப்பிள்ளை வீட்டுப் பிள்ளைக்கு, இன்ட்ரஸ்ட் என்றால் வட்டியும்தான் என்று தெரியவில்லை. நான் வீட்டில் வட்டி என்கிறேன், நீங்கள் வகுப்பில் ஆர்வம் என்கிறீர்கள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பேர் என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை. நானும்தான்.

ஒரே பேர் வந்த கதை சுவாரசியமானது. லத்தீனில் ‘இன்டெர்’ என்றால் இடையில், ‘எஸ்ஸெ’ என்றால் இருத்தல். சேர்த்தால் இடையில் இருப்பது. அதிலிருந்து ஒருவருக்கு முக்கியமாகப் படுவது என்றும் பொருள் வளர்ந்தது. இடைக்கால ஐரோப்பாவில் கடனுக்கு லாபம் வாங்குவது பாவம் என்று திருச்சபை தடுத்திருந்தது. அந்தப் பாவத்துக்கு ‘யூசுரா’ என்று பேர். ஆனால் வாங்கியவன் தவணை தவறி, அதனால் கொடுத்தவனுக்கு நட்டம் வந்தால், அந்த நட்டத்தை மட்டும் கேட்டு வாங்கலாம். வந்திருக்க வேண்டியதற்கும் வந்ததற்கும் இடையில் உள்ள தொகை, ஆகவே ‘இன்டெரெஸ்ஸெ’. பேரை மாற்றினால் பாவம் கழியும் என்பது எல்லாச் சீமையிலும் உள்ள வழக்கம் போலிருக்கிறது. நம் பக்கம் அந்தச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. கோயிலுக்கு வைத்த பொன்னில் வரும் வட்டியைச் சோழர் கல்வெட்டுகள் ‘பொலிசை’ என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. களத்தில் நெல் தூற்றும்போது பெருகட்டும் என்று ‘பொலி, பொலி’ என்பார்களே, அந்தப் பொலிதான்.

பிள்ளைகளுக்கு லத்தீன் வேண்டாம். பக்கத்தில் நிற்கும் குட்டிச் சொல்லைக் கவனிக்கச் சொன்னால் போதும். ‘இன்ட்ரஸ்ட் ஆன்’ என்று வந்தால் வட்டி. கடனின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பது. ‘இன்ட்ரஸ்ட் இன்’ என்று வந்தால் பாட்டிலோ கணக்கிலோ ஈடுபாடு. அதே ‘இன்’ ஒரு நிலத்தையோ கடையையோ ஒட்டி வந்தால் பங்கு, பாத்தியதை. ‘இன் தி இன்ட்ரஸ்ட் ஆஃப்’ என்றால் நலன். பப்ளிக் இன்ட்ரஸ்ட் லிட்டிகேஷனைப் பொதுநல வழக்கு என்கிறோம், பொது ஆர்வ வழக்கு என்பதில்லை. இன்னொன்று: ‘இன்ட்ரஸ்ட்ஸ்’ என்று பன்மையில் வந்தால் நலன்களோ விருப்பங்களோ பங்குகளோதான். எத்தனை லட்சம் சேர்ந்தாலும் வட்டி ஒருமையிலேயே நிற்கும்.

இந்த ‘ஆன்’ எப்படி ‘இன்’ ஆனது என்பதில் நம் பக்கத்துச் சரித்திரமே இருக்கிறது. பர்மாவில் கடை வைத்த செட்டியார்கள் எதிர்பார்த்தது நெல் விவசாயிக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி. உழுவதற்காகக் கப்பல் ஏறியவர்கள் அல்லர். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. முதலும் வரவில்லை, வட்டியும் வரவில்லை, ஈடு வைத்த நிலம்தான் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 ஆக இருந்த செட்டியார் நிலம் 1936இல் நூற்றுக்கு 25 ஆகிவிட்டது. வட்டி நிலமாக உறைந்துபோனது. அதில் பர்மிய விவசாயி பட்ட பாடு தனிக் கதை, அதையும் மூடி மறைக்க வேண்டியதில்லை. 1942இல் ஜப்பான்காரன் படையெடுக்க, எத்தனையோ பேர் கால்நடையாக ஊர் திரும்பினார்கள். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. என் ஐயா அங்கே ஒரு கடையில் மேலாளுக்குக் கீழே அடுத்தாளாக இருந்தவர். அவர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தது ஒரே ஒரு பேரேடு. வரவேண்டிய வட்டியெல்லாம் அதில் அச்சுப்போல எழுதியிருக்கிறது. வந்த வட்டிதான் இல்லை.

பங்கு என்ற பொருளுக்கு உதாரணம் தேடி நீங்கள் புத்தகத்துக்குப் போக வேண்டாம். பள்ளிக்கு வரும் வழியில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளே போதும். ஒரே வீட்டுக்கு முப்பது புள்ளி, அதாவது முப்பது குடும்பம், பங்கு இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் பூட்டுத் திறக்கும். ஓடு மாற்ற ஆளுக்குக் கொஞ்சம் பணம் கேட்டால் பதில் வராது. விற்கலாம் என்று ஒருவர் வாயைத் திறந்தால் முப்பது பேரும் வருவார்கள். அவர்களுக்கு வீட்டில் ஒரு இன்ட்ரஸ்ட் உண்டு, இன்னொரு இன்ட்ரஸ்ட் இல்லை. தமிழில் சொன்னால், பாகம் இருக்கிறது, அக்கறை இல்லை.

பங்காளிச் சண்டையைத் தீர்க்க வருகிறவர் ‘டிஸின்ட்ரஸ்டட்’ ஆக இருக்க வேண்டும், அதாவது எந்தப் பக்கத்திலும் ஆதாயம் இல்லாதவராக. ‘அன்இன்ட்ரஸ்டட்’ ஆக இருந்தால் வெற்றிலையை மென்றுகொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். இப்போது வெள்ளைக்காரர்களே இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்களாம். நாமாவது பிரித்துச் சொல்லிக் கொடுப்போமே.

அடுத்தது முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் கடை வைத்திருக்கும் என் நண்பர் சொன்னது. வெளிநாட்டு அம்மா ஒருவர் நீலப் பூப் போட்ட எனாமல் தூக்குச்சட்டியை எடுத்தார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார், கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தார், விரலால் தட்டிச் சத்தம் கேட்டார். “வெரி இன்ட்ரஸ்டிங்” என்றார். நண்பர் சந்தோஷமாகப் பழைய பேப்பரை எடுத்துச் சுற்றத் தயாரானார். அந்த அம்மா சட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். “ஆசை இருக்குங்குறாக, காசு எடுக்க மாட்டேங்குறாகளே அண்ணே” என்று என்னிடம் குறைப்பட்டார். ‘ஐயாம் இன்ட்ரஸ்டட்’ என்றால்தான் விலை பேசலாம், ‘இன்ட்ரஸ்டிங்’ என்றால் பெரும்பாலும் ஒரு மரியாதைதான் என்று சொன்னேன். நம்ம வீட்டுக் கல்யாணப் பேச்சில் ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்பதில்லையா, அந்த மாதிரி.

அந்த ‘டிங்’கும் ‘டட்’டும் என் பேத்திக்கும் தகராறு. ‘ஐயாம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் மேத்ஸ்’ என்று கட்டுரையில் எழுதியிருக்கிறாள். இழுக்கிற பொருளுக்கு டிங், இழுபடுகிற ஆளுக்கு டட். தமிழில் ‘எனக்கு ஆர்வம் இருக்கிறது’ என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இந்த இடம் சறுக்கத்தான் செய்யும். அவள் எழுதியபடி பார்த்தால் கணக்கில் அவள் ரொம்பச் சுவாரசியமானவள். அது பொய்யும் இல்லை.

சிரிப்பை விட்டு ஒன்று சொல்ல வேண்டும். கைபேசியில் கடன் தருகிறோம் என்று வரும் விளம்பரத்தில் ‘இன்ட்ரஸ்ட் 2 சதவீதம்’ என்று பெரிதாகவும், ‘பெர் மந்த்’ என்று எறும்பு அளவிலும் போட்டிருக்கும். நம் ஊரில் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருஷத்துக்கு 24 என்று படிக்காத ஆச்சிக்கும் தெரியும். கணக்குப் புத்தகத்தில் ஆண்டு வட்டியைப் போட்டுப் பழகிய பிள்ளை 2 என்பதைப் பார்த்து ஏமாறும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் சட்டமே வந்தது. ஆனால் கையெழுத்துப் போடும் நேரத்தில் அந்த எறும்பெழுத்தைப் பிள்ளைதான் படித்தாக வேண்டும். ‘பெர் ஆனம்’, ‘பெர் மந்த்’ இரண்டையும் கணக்கு வாத்தியார் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மீனிங் நோட்டில் அந்த நடுக்கோட்டை எடுத்துவிடுங்கள். ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம் விடச் சொல்லுங்கள். பிள்ளை அதை எங்கே பார்த்தது, அதற்கு முன்னும் பின்னும் என்ன சொல் இருந்தது என்று முழு வாக்கியமாக எழுதட்டும். பாஸ்புக், பத்திரம், கடை போர்டு, பேப்பரில் வந்த வழக்குச் செய்தி, எதுவாகவும் இருக்கட்டும். பரீட்சைக்கு ஒரு சொல் ஒரு மார்க் என்பது எனக்கும் தெரியும். 45 நிமிஷத்தில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் படும் பாடும் தெரியும். வாரத்துக்கு ஒரு சொல் போதும்.

வகுப்பை அழைத்துக்கொண்டு வந்தால் ஐயாவின் பேரேட்டைக் காட்டுகிறேன். ஓரம் செல்லரித்திருக்கிறது, பக்கத்தை நான்தான் திருப்புவேன், பிள்ளைகள் தொட வேண்டாம். சாயங்காலம் 4 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வருகிற எண்ணிக்கையை முன்கூட்டிச் சொன்னால் ஆச்சி சீப்புச்சீடை சுட்டு வைப்பாள்.

இப்படிக்கு,
ஓய்ந்த கணக்குப்பிள்ளை ஒருவன்,
காரைக்குடி