பிஎஸ்6 டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: ஆயில் பற்றி ஒரு மடல்

வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆயில் மாற்ற வருகிற பலரும் இப்போது கேட்பது இதுதான்: "அதே 5டபிள்யூ-30 வெளியில் குறைந்த விலைக்குக் கிடைக்குது, நீங்க ஏன் இதைத்தான் ஊத்தணும்னு நிக்கிறீங்க?" நியாயமான கேள்வி. காசு கொடுப்பவர் நீங்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறோம்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகைக்குழாய் வழியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. பீங்கான் போன்ற பொருளில் செய்த கட்டை, உள்ளே ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் குழாய்கள், ஒன்றுவிட்டு ஒன்று முனை அடைத்திருக்கும். புகை சுவரைத் துளைத்துத்தான் வெளியே போக முடியும், கரி உள்ளேயே தங்கிவிடும். கரி சேர்ந்ததும் வண்டியே கூடுதலாக டீசல் விட்டு, 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி அதை எரித்துவிடும். ஆனால் விறகடுப்பில் பார்க்கிறோமே, கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. அந்தச் சாம்பல் பெரும்பாலும் டீசலில் இருந்து வருவதில்லை, எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் போன்ற சேர்மானங்களில் இருந்துதான் வருகிறது. எந்த எஞ்சினும் கொஞ்சம் ஆயிலைக் குடிக்கும், குடித்த அளவுக்குச் சாம்பல் டிபிஎஃப்பில் ஏறும், அது தானாக இறங்கவே இறங்காது.

இங்கேதான் கேனின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். 5டபிள்யூ-30 என்பது ஆயில் எவ்வளவு கெட்டி, எவ்வளவு இளக்கம் என்பதை மட்டும்தான் சொல்லும். சாம்பல் கணக்கு ஏசிஇஏ என்ற ஐரோப்பியத் தரக்குறியீட்டில்தான் தெரியும்: ஏ3/பி4 என்று போட்டிருந்தால் சாம்பல் 1.6 சதவீதம் வரை இருக்கலாம், சி2, சி3 என்றால் 0.8-ஐத் தாண்டக்கூடாது. முன்பக்கத்தில் ஒரே எண், விலையும் கொஞ்சம்தான் முன்னே பின்னே, ஆனால் சாம்பல் இரண்டு மடங்கு வரை கூடிவிடலாம்.

"சேர்மானம் குறைந்தால் எஞ்சின் தேயாதா?" என்று தேவகோட்டையில் இருந்து வருகிற ஒரு டாக்ஸி அண்ணன் கேட்டார். டீசலில் கந்தகம் அதிகம் இருந்த காலத்தில் அதன் அமிலத்தை முறிக்க அந்தச் சேர்மானம் நிறையத் தேவைப்பட்டது. பிஎஸ்6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான், அதனால் சாம்பல் குறைந்த ஆயிலே போதும். தேய்மானத்துக்கு நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: 150 டிகிரி சூட்டில், அழுத்தத்தில் ஆயில் படலம் எவ்வளவு தாங்கும் என்பது. சி3-க்கு அந்த அளவு குறைந்தது 3.5, சி2-க்கு 2.9. சி3 கேட்கும் எஞ்சினில் சி2 ஊற்றினால் டிபிஎஃப்புக்கு ஒன்றும் ஆகாது, பேரிங் பாடுதான் கஷ்டம்.

நம் ஊர்ப்பக்கம் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. காரைக்குடிக்குள்ளேயே கடைத்தெரு, பள்ளிக்கூடம், மிஞ்சினால் பிள்ளையார்பட்டி, அப்புறம் கல்யாண வீட்டு வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு நிற்பது. டிபிஎஃப் எரிக்கத் தொடங்கிய பாதியிலேயே வண்டியை அணைத்துவிடுகிறோம். திரும்பத் திரும்ப இப்படி ஆனால், எரிப்பதற்காக விட்ட டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்து, விரலில் தேய்த்தால் தண்ணியாக ஓடி, டீசல் வாடையும் அடித்தால், "பரவாயில்லை, ஆயில் குறையவே இல்லை" என்று சந்தோஷப்படாதீர்கள். நீர்த்துப்போன அந்த ஆயிலில்தான் பேரிங்கும் டர்போவும் தேயும். கிலோமீட்டர் கணக்கு முடியும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். மற்றபடி வாரம் ஒரு தடவையாவது திருச்சி ரோட்டிலோ மதுரை ரோட்டிலோ அரைமணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டினால் நல்லது.

டிபிஎஃப்பைக் கழற்றிவிடச் சொல்லிச் சிலர் வருகிறார்கள். அந்த வேலையை நாங்கள் செய்வதில்லை, ஊருக்குள் அந்தப் புகையை மூச்சில் இழுப்பது நம் பிள்ளைகள்தான்.

டிபிஎஃப் இல்லாத பழைய வண்டிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், இப்போது ஊற்றும் ஆயிலே சரி. லாரி, வேன்களுக்குத் தரக்குறியீடு வேறு. எந்த வண்டியானாலும் கம்பெனிப் புத்தகத்தில் இருப்பதுதான் முடிவு. அடுத்த முறை வரும்போது அதைக் கையோடு எடுத்து வாருங்கள், இனி உங்கள் பில்லிலும் ஆயில் பெயருக்குப் பக்கத்தில் சி2-வா சி3-யா என்று எழுதியே தருகிறோம்.