டீசல் காருக்குப் பெட்ரோல் காரின் ஸ்பிரிங்கை அனுப்பியது குறித்தும், மாற்றித் தர மறுப்பது குறித்தும் புகார்

தூத்துக்குடி,
செப்டம்பர் 29

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: முன்பக்க ஸ்பிரிங் ஜோடி தவறாக அனுப்பப்பட்டது – மாற்றுப் பொருளும் இழப்பீடும் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆகஸ்ட் 6 ஆம் தேதி உங்கள் இணையதளத்தில் என் டீசல் காருக்காக முன்பக்க ஸ்பிரிங் ஒரு ஜோடி ரூ. 5,240 செலுத்தி வாங்கினேன். அது தவறான பொருள் என்று ஆகஸ்ட் 18 ஆம் தேதி தெரிவித்தேன். அன்றிலிருந்து 42 நாள்களாக, ஒன்பது தொலைபேசி அழைப்புகள், ஆறு மின்னஞ்சல்கள், மதுரைக்கு ஒரு வீண் பயணம் என்று அலைந்து ஓய்ந்த பிறகே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் பேசுகிறார், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரின் உப்புக்காற்றில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றுதான் முதலில் போகும். கீழ்த்தட்டில் அது உட்காரும் இடத்தில் சேறும் ஈரமும் தங்கி, பெயின்ட் தேய்ந்து, துரு அரித்து, ஒருநாள் கம்பி முறிந்துவிடும். என் காரின் இடப்பக்க ஸ்பிரிங் அப்படித்தான் உடைந்தது. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது முறையல்ல என்பதால் இரண்டையும் வாங்கினேன். 26 ஆண்டுகள் தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் பிட்டராக வேலை செய்தவன் நான். உங்கள் இணையதளத்திலேயே "வீட்டிலேயே எளிதாகப் பொருத்திக்கொள்ளலாம்" என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வரியின் படமும் என்னிடம் இருக்கிறது.

சுதந்திர தின விடுமுறையை ஒட்டி மூன்று நாள்கள் இந்த வேலையில் செலவிட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஸ்பிரிங்கைத் தாங்கும் ஸ்ட்ரட் என்ற தூணைக் கழற்றி, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவியை வாடகைக்கு எடுத்து, அதை இருபுறமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, ஸ்பிரிங் தட்டிலிருந்து தளர்ந்து நிற்பதைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகுதான் மேல் நட்டில் ஸ்பானரை வைத்தேன். அந்த நட்டை அவசரப்பட்டுக் கழற்றினால் ஸ்பிரிங் தெறித்து ஆளையே கொன்றுவிடும். உங்கள் பெட்டிக்குள் இருந்த துண்டுச்சீட்டில் இதைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. புதிய ஸ்பிரிங்கின் கீழ் முனையைத் தட்டில் உள்ள படியில் சரியாக முட்டவைத்தேன். பொருத்தியதில் பிழை என்று சொல்ல எவருக்கும் இடமில்லை.

காரை இறக்கியதும் முன்பக்கம் தாழ்ந்து நின்றது. சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, உடையாத வலப்பக்கத்தில் முன்பு 368 மி.மீ. இருந்தது. புதிய ஸ்பிரிங்கில் இரண்டு பக்கமும் 336 மி.மீ. தான். மறுநாள் வீல் அலைன்மென்ட் செய்யப் போகும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி, கார் பம்ப் ஸ்டாப்பர் என்ற தடுப்பு ரப்பரில் இடித்தது. அன்று மாலையே உங்களை அழைத்தேன்.

ஆகஸ்ட் 28 ஆம் தேதி பேசிய உங்கள் பிரதிநிதியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நான் அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே குறுக்கிட்டு, "வேலை தெரியாதவங்க வீட்டுல உக்காந்து ஸ்பிரிங் மாத்துனா இப்படித்தான் சார் ஆகும், அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். எனக்கு வயது 58. வேலையில் இருந்த காலத்தில் என் மேலதிகாரிகள் கூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை. வீட்டிலேயே பொருத்தலாம் என்று விற்பவர்களும் நீங்களே, வீட்டில் பொருத்தியது குற்றம் என்பவர்களும் நீங்களே என்றால், இந்தப் பொருளை யாரை நம்பி விற்கிறீர்கள்?

பொருளை நேரில் கொண்டுவந்தால்தான் பரிசோதிப்போம் என்று அடுத்துப் பேசிய உங்கள் பிரதிநிதி சொன்னதால், செப்டம்பர் 7 ஆம் தேதி இரண்டு ஸ்பிரிங்குகளையும் மறுபடியும் கழற்றினேன். அன்றிலிருந்து கார் ஸ்டாண்டின் மீது நிற்கிறது. அப்போதுதான் பழையதையும் புதியதையும் வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியில் அளந்தேன். பழைய கம்பியின் விட்டம் 12.1 மி.மீ., நீங்கள் அனுப்பியது 11.4 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லையே என்று நினைக்கலாம். ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. மற்ற அளவுகள் ஒன்றாகவே இருந்தாலும் இந்த மெலிவு மட்டுமே விறைப்பை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைத்துவிடும். டீசல் இன்ஜின் கனமானது என்பதால்தான் அதே மாடலின் பெட்ரோல் காருக்கு வேறு ஸ்பிரிங் போடுகிறார்கள் என்பதை அதைத் தயாரிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொருத்துவதற்கு முன்பே அளந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். பெட்டியின் மேல் டீசல் என்று அச்சிட்டிருப்பதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

செப்டம்பர் 9 ஆம் தேதி நான்கு ஸ்பிரிங்குகளையும் சாக்குப் பையில் கட்டிக்கொண்டு, எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாகப் பேருந்தில் உங்கள் மதுரைக் கிடங்குக்குச் சென்றேன். இரண்டு மணி நேரம் வாசலில் நின்ற பிறகு வந்த ஊழியர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது பெட்ரோல் வண்டியோடதுதான்" என்றார். அவர் மரியாதையாகவே நடந்துகொண்டார், அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் எழுதித் தரத் தமக்கு அதிகாரம் இல்லை என்றும், பொருத்தப்பட்ட பொருளைத் திரும்பப் பெற முடியாது என்றும் சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு எதற்காக என்னை வரவழைத்தீர்கள்? அதே மூட்டையுடன் இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பினேன். வேலை தெரியாதவன் என்று என்னைச் சொன்னவர் அந்த மூட்டையை ஒரு கிலோமீட்டர் தூக்கியிருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

என் தாயாரை வாரம் இருமுறை பிசியோதெரபிக்கு வாடகைக் காரில் அழைத்துச் செல்கிறேன். அலைன்மென்ட் பணம் வீண், உழைப்பு வீண், என் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையே நின்றுபோயிருக்கிறது. பணமாகச் சொன்னால் ஒன்றரை லட்சத்திற்குக் குறையாது.

சுமுகமாக முடித்துக்கொள்ளவே இப்போதும் விரும்புகிறேன். சரியான டீசல் ஸ்பிரிங் ஜோடியை உங்கள் செலவில் அனுப்பி, தவறான ஜோடியை என் வீட்டிலிருந்து எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்து, அலைன்மென்ட், மதுரைப் பயணம், வாடகைக் கார் ஆகிய செலவுகளைத் தந்து, ஆகஸ்ட் 28 அழைப்புக்கு எழுத்துப்பூர்வமாக வருத்தம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண்பது குறைதீர் அலுவலரின் கடமை. அந்தக் கெடு முடிந்துவிட்டது. இன்னும் 15 நாள்களில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதோடு நிற்க மாட்டேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர இடம் தருகிறது, ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் பற்றிய எச்சரிக்கை உங்கள் சீட்டில் இல்லாததையும், பொருள் பொறுப்பு (பொருளால் நேரும் தீங்குக்கு அதைத் தயாரிப்பவரும் விற்பவரும் ஏற்க வேண்டிய பொறுப்பு) என்ற தலைப்பில் அங்கே சேர்த்தே வைப்பேன்.

ரசீது, அளவெடுத்த படங்கள், பெட்டியின் மேலுள்ள அச்சு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். அடுத்து அனுப்பும் ஜோடியின் கம்பி விட்டத்தைக் கிடங்கிலேயே அளந்து, அந்த அளவைப் பெட்டியின் மேல் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்